‘மறுபடி எண்ணுங்க’ சிஸ்டருக்கு அறுவை அரங்கத்தார் வாசித்தளிக்கும் மடல்

அன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய எங்கள் மூத்த செவிலியே! அறுவை அரங்கின் அணையா விளக்கே! கண்டிப்பிலும் கனிவு குன்றாத கர்த்தரின் ஊழியரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் நின்றே உழைத்த கால்கள் ஓய்வு பெறும் இவ்வேளையில், நெஞ்சு நிறைந்த நன்றியோடு வணங்குகிறோம். நீங்கள் அமர்ந்திருக்க நாங்கள் நிற்பது, அரங்க வரலாற்றில் இதுவே முதல் முறை!

காலையில் முதல் நோயாளி வருமுன் ஜெபம். கடைசித் தையலுக்கு முன் எண்ணிக்கை. இவ்விரண்டையும் நீங்கள் விட்டதேயில்லை. இரத்தம் துடைத்த காஸ் துணிகள் அத்தனையும் வெளியே வந்தனவா என்று ஒருமுறை எண்ணி முடித்தபின், "மறுபடி எண்ணுங்க" என்பீர்கள். தலைமை மருத்துவர் பல்லைக் கடிப்பார், நீங்கள் அசையமாட்டீர்கள். "காணாமப்போன ஒரு ஆட்டை மேய்ப்பன் தேடினதைத்தான் எல்லாரும் பிரசங்கம் பண்றாங்க. அவர் முதல்ல எண்ணியிருக்காரே, அதை யாரும் சொல்றதில்லை" என்று ஒரு காலை ஜெபத்தில் சொன்னீர்கள். அதைவிடச் சிறந்த பிரசங்கத்தை நாங்கள் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட உங்களுக்கும் ஒரு நாள் சறுக்கியது. விபத்தில் வயிற்றில் அடிபட்ட பேருந்து ஓட்டுநர், நிற்காத இரத்தம். பத்துத் துணிகள் கொண்ட கட்டைப் பிரித்ததும், எண்ணாமலே பலகையில் பத்து என்று எழுதிவிட்டீர்கள். முடிவில் ஒன்பதுதான் கிடைத்தன. வயிற்றை மூடாமல் நாற்பது நிமிடம் தேடினார்கள். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. "விட்டுடுங்க சிஸ்டர்" என்றார்கள் எல்லோரும்.

நீங்கள் விடவில்லை. ‘எண்ணாமல் எழுதினேன், தவறு என்னுடையது’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, ஓட்டுநரின் மனைவியிடமும் போய்ச் சொன்னீர்கள்.

"நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே சிஸ்டர்" என்றார் அவர்.

"எனக்குத் தெரியுமேம்மா. கர்த்தருக்கும் தெரியும்" என்றீர்கள்.

அவ்வாண்டு உங்களுக்கு வரவேண்டிய தலைமைச் செவிலியர் பதவி கைநழுவிப் போனது. நீங்கள் முணுமுணுக்கக்கூட இல்லை. ஆனால் பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஓட்டுநர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, "வயித்துல வலி ஏதும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

இதுவரை ‘நாங்கள்’ என்று எழுதினேன். இனி நான். கிருமிநீக்க அறையில் துணி மடித்துக் கட்டுபவள். அடுத்த ஆண்டு நானும் ஓய்வு பெறுகிறேன்.

சிஸ்டர், அந்தத் துணி ஓட்டுநரின் வயிற்றுக்குள் போகவே இல்லை. அன்று மாலை என் மேசையில், தட்டுக்கு அடியில், மடிப்புக் கலையாமல் கிடந்தது. அந்தக் கட்டுக்குள் நான் ஒன்பதுதான் வைத்திருந்தேன். வேலை போய்விடும் என்று பயந்து அதைக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலை ஜெபத்தில் உங்கள் பக்கத்திலேயே நின்று ஆமென் சொன்னேன்! உங்கள் வீட்டுச் சுவரில் சட்டமிட்டு மாட்டப்போகும் மடலில் இதையும் மறைத்தால், நான் என்ன விசுவாசி? உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனிமேல் வலியைப் பற்றிக் கேட்காமல் சும்மா நலம் விசாரியுங்கள், போதும்.

நேற்று இதை வாசித்துக் காட்டியபோது, "விழாவாச்சே, இது எதுக்கு?" என்றார் மயக்க மருந்து மருத்துவர். "இருக்கட்டும்யா. நாப்பது நிமிஷம் தேடினவன் நான்" என்றார் தலைமை மருத்துவர்.

கால்வலி தீர்ந்து, கண்ணொளி குன்றாமல், பேரப்பிள்ளைகள் புடைசூழ, கர்த்தரின் கிருபையில் நீங்கள் நெடுங்காலம் நலமாக வாழ வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
அறுவை அரங்கப் பணியாளர்கள்

கீழே பதினான்கு கையொப்பங்கள். கடைசியில் இருப்பது என்னுடையது. மறுபடியும் எண்ணிவிட்டேன் சிஸ்டர், இம்முறை ஒன்றும் குறையவில்லை.