சோலையப்பன் ஏன் பேசவில்லை

நாவல் படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, ஐயா. வீட்டில் பிரகதாம்பாள்தான் படிப்பாள். உலை பொங்கி அடுப்பு அணைந்தாலும் தலை நிமிராமல் படிப்பாள். நான் ஆலங்குடியில் தமிழாசிரியர். பழைய தத்துவ நூல்கள்தாம் என் படிப்பு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். குழந்தை இல்லை. அவள் புத்தகத்தை அவள் படிப்பாள், என் புத்தகத்தை நான் படிப்பேன். சண்டை என்று எங்களுக்குள் வந்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

இந்த ஐம்பத்தெட்டாம் வருஷம் புரட்டாசியில் அவள் ஒரு நாவலை முடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். கதை சின்னதுதான். அழகி என்பவள் கோயில் நகையைத் திருடிவிட்டதாக ஊரார் பழி சுமத்துகிறார்கள். அவள் திருடவில்லை என்பது அவள் புருஷன் சோலையப்பனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஊர்க்கூட்டத்தில் அவன் வாயே திறக்கவில்லை. அவளுடைய அண்ணன் கருப்பனோ குடித்துவிட்டுக் கிடக்கிறான். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட அழகி, ஏதோ ஒரு சத்திரத்து வாசலில் காய்ச்சல் கண்டு செத்துப்போகிறாள்.

பிரகதாம்பாள் அழுவதைப் பொறுக்காமல்தான் நானும் அதைப் படித்தேன். அழுகிறவர்களைத் தேற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி விளக்கிச் சொல்வது. கருப்பன் உலகாயதன், கைக்கு எட்டிய இன்பம்தான் உண்மை என்கிறவன். அழகி ஆசீவகர் சொன்ன ஊழை ஏற்றுக்கொண்டவள். வருவது வந்தே தீரும் என்று எதிர்த்துப் பேசாமல் நடந்தாள். சோலையப்பன் சாங்கியம் சொல்லும் புருடன். எதையும் செய்யாமல், எதிலும் ஒட்டாமல், சாட்சியாக மட்டும் இருப்பவன். கதையிலேயே உயர்ந்தவன் அவன்தான் என்றேன். அவள் இலையில் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

வாசகசாலைத் தலைவர் ஆத்மநாதன் இதைக் கேள்விப்பட்டு, அங்கே வந்து பேசச் சொன்னார். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பேசினேன். நல்ல கூட்டம். பெண்கள் பக்கத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாள். பேசி முடித்ததும் ஆத்மநாதன், "யாராச்சும் கேள்வி கேக்குறதுன்னா கேளுங்க" என்றார். பிரகதாம்பாள் எழுந்து நின்றாள்.

"எனக்கு சாங்கியமெல்லாம் தெரியாதுங்க. அந்த ஆளு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு பொழச்சிருக்கும். ஊருக்குப் பயந்துக்கிட்டு சொல்லாம இருந்துட்டான். அதுக்குப் போயி இத்தன பெரிய பேரு எதுக்குங்க?"

கூட்டம் சிரித்தது. பிறகு கை தட்டியது. நானும் தட்டினேன்; பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதன்பின் நான் அவளோடு பேசவில்லை. பேசத் தேவை ஏற்படவில்லை. அவள் எனக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். நான் சாப்பிட்டேன். பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். முடிச்சு நழுவி வாளி உள்ளே விழுந்தது. கயிறு மட்டும் மேலே வந்தது. நீங்கள் சந்தேகப்படுவது போல அந்த முடிச்சை நான் தளர்த்தவில்லை. அது தானாக நழுவியதுதான். அவள் ஓடி வந்து, "இருங்க, மெதக்குது பாருங்க, நான் எறங்கி எடுத்தாரேன்" என்றாள். சேலையைச் செருகிக்கொண்டு உள்சுவரில் பதித்திருந்த படிக்கற்களில் இறங்கினாள். அடைமழையில் கிணறு முக்கால்வாசி நிறைந்திருந்தது. கல்லில் பாசி. வழுக்கி விழுந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

"ஏங்க, கயித்தப் போடுங்க."

கயிறு என் கையில்தான் இருந்தது. நீளமும் போதும். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். மணமேல்குடியில் கடலோரம் வளர்ந்தவன். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது என் மனம் மிகத் தெளிவாக இருந்தது. ஒட்டாமல் பார்க்க மனிதனால் முடியும் என்று நான் சொன்னேன்; அதை அவள் பயம் என்றாள். பயமில்லை என்று அவளுக்கு விளங்க வேண்டும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கயிற்றைப் போடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு அந்தக் கொஞ்ச நேரம் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மூழ்கி எழுந்து மறுபடி கூப்பிட்டாள். சுவரைப் பற்றினாள், கை வழுக்கியது. அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னமும் கோவமாங்க?"

அவள் கடைசியாகப் பேசியது அதுதான். நான் பதில் சொல்லவில்லை.

நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தபோது அவள் தவறி விழுந்துவிட்டாள் என்று ஊரில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். திருவரங்குளத்திலிருந்து அவள் தம்பி பிச்சைமுத்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போதுதான் அதைச் சொன்னான்.

"மாமா, சனிக்கெழம அக்கா எங்க வீட்டுக்கு வந்துச்சு. 'அத்தன பேரு முன்னாடி அவர அப்புடிச் சொல்லிப்புட்டேன்டா, மொகங்குடுத்துப் பேச மாட்டேங்குறாரு, எப்புடி மன்னிப்புக் கேக்குறதுன்னு தெரியல'ன்னு அழுதுச்சு. நாளைக்குக் கேட்டுருன்னு நாந்தான் அனுப்பி வச்சேன். கேட்டுச்சா மாமா?"

கேட்டாள் என்றேன். அதற்குமேல் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. பஸ் ஏறினேன், இறங்கியதும் நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

சொன்னது எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கோபத்தில் செய்தது என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. கோபக்காரன் அவளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பான். நான் தண்ணீர் அசைவது நிற்கும்வரை அங்கேயே நின்றேன். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் யாருமே இல்லாமல் போய்விடக் கூடாது என்றுதான் நின்றேன்.