குச்சி சொல்லுது

முதல்ல எனக்குத் துரோகம் பண்ணது நெஸ்டர்தாம்மா. அத மனசுல முடிஞ்சு வெச்சுக்கிட்டு மத்ததக் கேளு. நெஸ்டர் ஹூபன்ஸ். அதோ, அந்த வெள்ளக் கூடாரத்துல, விரலளவு குச்சிய வெச்சுக்கிட்டு பிஷப் செங்கோல் புடிச்ச மாதிரி நிக்கிறான் பாரு, அவன்தான். உன் மோட்டார் சைக்கிளையும் பந்தயத்துலேருந்து தள்ளிட்டான்ல? பாத்தேன். பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன். உக்காரு. அந்த பீர்ப் பெட்டியக் கவுத்துப் போட்டு உக்காரு... ஈரமா இருக்கா? இருக்கட்டும், மழ பேஞ்ச மறுநாள் இந்தக் கெம்பன் மணக்காட்டுல காஞ்ச எடத்துக்கு எங்க போறது.

எவ்வளவுல போச்சு உனக்கு? பென்சில் மொன? எனக்கும் அதேதான். எழுபத்தினாலு வயசுக் கெழவன, அம்பத்தோரு வருஷமா ஒரே வண்டிய ஓட்டுறவன, பென்சில் மொனைக்கு வெளிய தள்ளுறான். இதோ, உருவின ஸ்பிரிங்க மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், கொழந்தைய வெச்சிருக்கிற மாதிரி.

இது உங்கப்பா வண்டிதான? பெட்ரோல் தொட்டியில செவப்புக் கோட்டப் பாத்ததுமே தெரிஞ்சுது. போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். நானும் அவரும் பேசினதில்ல. ஒரு தடவ திருப்பத்துல என்ன முந்தினாரு, அதுலேருந்து பேசல. நல்ல மனுஷன்.

கேளு. நம்ம பிரிவு எழுபத்தினாலுக்கு முந்தின வண்டிங்க. டிரம் பிரேக்கு இருக்கணும், இஞ்சின் காத்துலதான் ஆறணும், பின்சக்கரம் ஸ்பிரிங்குல பத்து சென்டிமீட்டருக்கு மேல குதிக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். ஆனா நம்மாளுங்க கையில சட்டத்தக் குடுத்தா விடுவாங்களா. போன வருஷம் தெக்கேருந்து, பிரெஞ்சு பேசுற வாலோன்காரன் ஒருத்தன் வந்தான். வண்டி பூரா எழுபத்திமூணு, தொட்டி மட்டும் எழுபத்தஞ்சு. கமிட்டி மூணு மணி நேரம் உக்காந்துச்சு. தொட்டிய மட்டும் அடுத்த பிரிவுல ஓட்டச் சொல்லலாமான்னு ஒருத்தன் கேட்டான். சிரிக்காத, மூணு பேரு கை தூக்கினாங்க.

தள்ளினா வீட்டுக்குப் போன்னு சொல்ல மாட்டாங்க, அது வேற. அடுத்த பிரிவுல ஓட்டிக்கன்னுவாங்க. அடுத்த பிரிவுன்னா எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டிங்க. முப்பது சென்டிமீட்டர் குதிக்கும். நான் பள்ளத்துல எறங்கி ஏறுறதுக்குள்ள அவனுங்க என் தலைக்கு மேல பறப்பானுங்க. எனக்கு டாக்டரம்மா காயிதத்துல கையெழுத்துப் போடும்போதே சொல்லிட்டாங்க, ஃபோன்ஸ், இந்த வருஷத்தோட சரி, அடுத்த வருஷம் இந்தக் காயிதத்தத் தூக்கிட்டு எங்கிட்ட வராதேன்னு. இந்த வருஷத்துல இதுதான் கடைசிப் பந்தயம். ரெண்டு மணிக்கு நம்ம பிரிவு. பன்னெண்டுக்கு வண்டி அளக்குற கூடாரத்தச் சாத்திடுவாங்க. இப்ப மணி என்ன? பதினொண்ணே காலா... ம்.

துரோகத்துக்கு வரேன். எழுபத்தினாலு செப்டம்பர். இதே மணல். கெளம்புற கோட்டுல நிக்கிறோம், மணல் அடிக்காமக் கண்ணுக்கு மாட்டுற கண்ணாடி, நெஸ்டரோடது பட்டி அறுந்து போச்சு. மொகத்த அழுற மாதிரி வெச்சுக்கிட்டு எம் பக்கம் திரும்பினான். எங்கிட்ட ரெண்டு கண்ணாடி. பழச மாட்டியிருக்கேன், புதுச சட்டைக்குள்ள வெச்சிருக்கேன். பச்சப் பட்டி. குடுத்தேன். யோசிக்காமக் குடுத்தேம்மா. மூணாவது சுத்துல மழ. என் பழைய கண்ணாடி ஆவி புடிச்சுப் போச்சு. நான் நேராப் போறேன், பாத வளைஞ்சு போகுது. பைன் மரத்துக்கு நடுவுல பூந்து, பன்னிக்கறி வறுக்குற கூடாரத்துல போய் நின்னேன். அந்தம்மா எங்கிட்ட, வெங்காயம் போடவான்னு கேட்டா. அவன் ஜெயிச்சான். பேப்பர்ல படம் வந்துச்சு. கோப்ப கையில, என் கண்ணாடி நெத்தியில.

திருப்பித் தரல. அம்பது வருஷமாச்சு. என் பொண்டாட்டி மரியெட் செத்தப்ப சர்ச்சுக்கு வந்தான். கையப் புடிச்சான். சரி, இன்னிக்காவது சொல்லுவான்னு பாத்தேன். ஆழ்ந்த அனுதாபம் ஃபோன்ஸ்னு சொன்னான். கண்ணாடியப் பத்தி ஒரு வார்த்த இல்ல.

குச்சியா? குச்சிக்கு வரேன், அவசரப்படாத.

முன்னெல்லாம் டேப்புலதான் அளப்பாங்க. ஸ்பிரிங்க உருவிட்டு, சக்கரத்தத் தொங்கவிட்டு ஒரு சாக்பீஸ் கோடு. மேல முட்டுற வரைக்கும் தூக்கி இன்னொரு கோடு. நடுவுல அள. ஆனா ஆளுக்கு ஒரு டேப்பு கொண்டாந்தா சண்டைதான. அதனால ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி கமிட்டியில ஒரு நல்ல யோசன வந்துச்சு, பத்து சென்டிமீட்டர்ல ஒரே குச்சி வெச்சுக்குவோம், கோடு குச்சிக்கு வெளிய தெரிஞ்சா வண்டியும் வெளியன்னு. யாரு சொன்னதுன்னா... எல்லாரும் சேந்துதான். சரி, நான் சொன்னேன். குச்சியையும் நான்தான் செஞ்சேன். நல்ல பீச் மரம். மரியெட்டோட கரண்டிக் காம்பு. பாவம், சாகுற வரைக்கும் அந்தக் கரண்டியத் தேடினா. குழம்பு கிண்டும்போதெல்லாம் கேப்பா, நானும் கூடச் சேந்து தேடுவேன்.

வெட்டும்போது ரம்பம் கொஞ்சம் தின்னுருச்சு.

என்ன அப்படிப் பாக்குற. மரவேலையில அதெல்லாம் சகஜம். ரம்பம் திங்கும்.

...அஞ்சு மில்லிமீட்டர் திங்காது. ஒத்துக்கறேன்.

அது என்ன ஆச்சுன்னா, நெஸ்டரும் நானும் ஒரே கடையில, ஒரே நாள்ல வண்டி வாங்கினவங்க. செக்கோஸ்லோவாக்கியாலேருந்து வந்த ஒரே லாரியில ஒட்டிக்கிட்டு வந்த வண்டிங்க. அவன் உருளக்கிழங்கு வறுவல் வாங்கப் போயிருந்தப்ப அவன் வண்டிய அளந்து பாத்தேன். அவன் மயோனீஸ்ல தொட்டுத் தொட்டுத் தின்னு முடிக்க அர மணி நேரம் ஆகும், நமக்குத் தெரியாதா. ஒம்பது புள்ளி எட்டு. சட்டப்படி உள்ள. எனக்கு அன்னிக்கு ராத்திரி பூரா அந்தப் பச்சப் பட்டிதான் கண்ணுல நின்னுச்சு. காலையில கரண்டிய எடுத்தேன். ஒம்பதரையில வெட்டினேன்.

பந்தயத்தன்னிக்கு அவன் வண்டியில குச்சிய வெச்சேன். கோடு வெளிய தெரிஞ்சுது. அவன் எம் மூஞ்சியப் பாத்தான். நான் சொல்லல நெஸ்டர், குச்சி சொல்லுதுன்னேன்.

டேப்பக் கொண்டு வரேன்னு ஓடினான். விடுவேனா? அதுக்கு முன்னாடியே விதி போட்டாச்சு, கூடாரத்துக்குள்ள குச்சியத் தவிர வேற அளவுகோல் வரக் கூடாதுன்னு. எல்லாரும் கை தூக்கின விதி. நெஸ்டரும் தூக்கினான், இனிமே சண்ட ஓயும்னு சந்தோஷமாத் தூக்கினான். அப்புறம் அடுத்த பிரிவுல ஓட்டிப் பாத்தான். மொத சுத்துலயே எவனோ மேல வந்து எறங்கிட்டான். தோள்பட்ட எலும்பு. அதோட வண்டியத் துணி போட்டு மூடிட்டான்.

அது... அது நான் நெனச்சதில்ல. வெளிய தள்ளணும்னு நெனச்சேன். எலும்ப நெனக்கல.

என் வண்டி எப்படி ஒம்பது வருஷம் உள்ள போச்சுன்னு கேக்குறியா? நீ வாயத் தொறக்கல, ஆனா கேக்குற. ஒம்பது வருஷமும் குச்சி எங்கிட்டதான இருந்துச்சு. என் வண்டிய நானே அளந்துக்குவேன். பெருவெரல கோட்டு மேல வெச்சு அழுத்திப் புடிச்சா கோடு தெரியாது. மத்தவங்க வண்டிய... அவங்கவங்க மொகத்தப் பொறுத்து. போன மாசத்துலேருந்து எனக்கு முட்டி மடங்கல. குனிய முடியாதவன் எப்படி அளப்பான். யாருகிட்டக் குடுக்கலாம்னு கமிட்டியில கேட்டாங்க. ஞாயித்துக்கெழமையில வேற சோலி இல்லாதவன் யாருன்னு பாத்தா ஒருத்தன்தான். வண்டிதான் ஓட்டறதில்லையே அவன்.

இன்னிக்குக் காலையில என் வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனேன். ஒடனே வரல, குளிர்ல ஆவி படிஞ்சிருச்சுன்னு சொல்லிக் கண்ணாடியத் தொடைக்கிறான். மூக்குக் கண்ணாடி, அவனோடது. அப்புறம் குனிஞ்சான். அவன் முட்டி நல்லா மடங்குது பாரு, அதுவும் ஒரு அநியாயம். பெருவெரல ஓரமா வெச்சான், கோட்டு மேல வெக்கல. ரொம்ப நேரம் பாத்தான். நிமிந்தான்.

"நான் சொல்லல ஃபோன்ஸ், குச்சி சொல்லுது"ன்னான்.

ஒம்பது வருஷம் வாயில வெச்சு ஊறப் போட்டிருக்கான் அந்த வார்த்தைய.

ஆமா, ஒரு வார்த்த சொன்னா போதும். குச்சி குட்ட, நான்தான் வெட்டினேன். சொன்னா குச்சி போயிரும், நீ உள்ள, நான் உள்ள, இந்த மணல்ல கடைசியா ஒரு தடவ... தெரியாதா எனக்கு. நாலாவது வகுப்போட நின்னவன்தான், அதுக்காக இது கூடத் தெரியாதா. ஆனா யாரு மொதல்ல? அதுதாம்மா கேள்வி. அவன் அம்பது வருஷத்துக்கு முன்னாடி, நான் ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி. வரிசன்னு ஒண்ணு இருக்குல்ல. அவன் கண்ணாடியக் குடுக்கட்டும், நான் குச்சியச் சொல்றேன்.

எந்திரிச்சிட்டியா? காப்பியா? எனக்குப் பால் வேணாம். சக்கர ரெண்டு.

...காப்பி வண்டி அந்தப் பக்கம்மா. அது கூடாரம். ஏம்மா. ஏம்மா, நான் சொன்னது நமக்குள்ள. ரம்பம்னு சொல்லு. ரம்பம் தின்னுருச்சுன்னு மட்டும் சொல்லு.

போயிட்டா. ரெண்டு வெரல விரிச்சுக் காட்டுறா. அஞ்சு மில்லிமீட்டரக் காட்டுறா. கரண்டி கிண்டுற மாதிரி வேற காட்டுறா. அதையும் சொல்லணுமா.

சிரிக்கிறான். பாரு, நெஸ்டர் அதிர்ச்சி ஆகல, சிரிக்கிறான். மேல்கோட்டு உள்பையிலேருந்து மடக்கு ஸ்கேல எடுக்கிறான். விதிக்கு விரோதமா உள்ள கொண்டாந்திருக்கான். அளக்கக் கூட இல்ல, குச்சி பக்கத்துல வெச்சுக் காட்டிட்டு உள்ள போடுறான். அப்போ தெரிஞ்சிருக்கு. எப்பலேருந்து தெரியும்? தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு, நானா வந்து சொல்லுவேன்னு காத்துக்கிட்டு... எவ்வளவு பெரிய கல்நெஞ்சக்காரன் பாத்தியா.

அவ வண்டியில சாக்பீஸ்ல டிக் போட்டுட்டான். நல்லது. அவங்கப்பாவுக்காகச் சந்தோஷம்.

இப்ப என்னக் கை காட்டிக் கூப்பிடுறான். ஸ்பிரிங்க எடுத்துக்கிட்டு வான்னு சைக காட்டுறான். மணி அடிக்குது. பன்னெண்டா அது? இல்ல, முக்கால் மணிக்கு அடிக்கிறது. கால் மணி இருக்கு. அஞ்சு நிமிஷத்துல மாட்டிருவேன் நான், கண்ண மூடிக்கிட்டு மாட்டிருவேன்.

ஆனா போக மாட்டேன். ஏம்மா, வண்டியத் தள்ளிக்கிட்டு இந்தப் பக்கம் வராதே, திரும்பி அவன்கிட்டப் போ. போய்ச் சொல்லு. ஃபோன்ஸ் பெட்டி மேல உக்காந்திருக்கான், வரமாட்டான், ரெண்டு மணிக்கு இஞ்சின் சத்தம் கேட்டாலும் எந்திரிக்க மாட்டான்னு சொல்லு. பச்சப் பட்டி. அந்தக் கண்ணாடியக் கீறல் இல்லாமக் குடுத்தேன். கீறல் இல்லாம வரணும்.