ஒரு மெத்தை, ஒரு ஸ்டவ், ஒரு கேன் தண்ணி

...ஐயோ, அந்தக் கைப்பிடிய இழுக்காதீங்க தம்பி! இழுத்தா அடுப்பு வெளிய வந்துடும். ஆமா, அடுப்புதான். ஜீப்போட பின்கதவத் தொறந்தா டிராயர் வரும், டிராயர இழுத்தா அடுப்பு வரும், அதுக்குப் பின்னாடியே பாத்திரம் கழுவுற தொட்டி வரும். ஒண்ணு வந்துச்சுன்னா எல்லாம் வந்து வாசல்ல நிக்கும், கூப்பிடாத விருந்தாளி மாதிரி. இந்தப் பக்கமா வாங்க. குனிஞ்சு, குனிஞ்சு... இடிச்சுட்டீங்களா? அதான் சொன்னேன்ல. அது மடக்குப் பந்தலோட கம்பி. ரத்தமெல்லாம் இல்ல, லேசா செவந்திருக்கு. எல்லாருக்கும் அதே எடத்துலதான் இடிக்கும். பால் போடுறவருக்கு ரெண்டு தரம் இடிச்சிருக்கு. இப்பல்லாம் அவரு கேட்டுலயே பாக்கெட்ட வெச்சுட்டு ஓடிடறாரு.

நெழல்ல நில்லுங்க. எங்க வீட்டுக்காரரு வர்ற வரைக்கும் நான் காட்டுறேன். கிளினிக்குல யாருக்கோ கடவாப்பல்லாம், வேர் வளைஞ்சு கெடக்காம், கொஞ்சம் லேட்டாகும்னு போன் பண்ணாரு. "வந்தவருக்கு வண்டிய மட்டும் காட்டு, அதிகம் பேசாத"ன்னாரு. நான் என்னத்த அதிகம் பேசப்போறேன்?

விளம்பரத்துல என்ன போட்டிருக்காரு பாத்தீங்கல்ல? "எல்லா வசதியும் செய்யப்பட்ட ஜீப், நல்ல கைகளுக்கு." நல்ல கைகளுக்காம்! பூனைக்குட்டியா குடுக்கிறாரு?

என்ன... எவ்வளவு தூரம் ஓடியிருக்கா? சொல்றேன், சொல்றேன். அதுக்கு முன்னாடி உள்ளத உள்ளபடி சொல்லிடணும் பாருங்க. பின்னாடி அந்தம்மா மறைச்சுட்டாங்கன்னு நீங்க சொல்லக்கூடாது. வளைவுல திரும்புனா ஒரு பக்கமா சாயும். மேடு ஏறுனா மூச்சு வாங்கும், என்னைய மாதிரியே. காத்தடிச்சா மேல இருக்கிற டென்ட் ஊஊன்னு அழும். யாரோ நம்ம பின்னாடியே அழுதுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும். பயமா இருக்கா? நல்லது. இல்ல... நல்லதுன்னா, தெரிஞ்சுக்கிறது நல்லதுன்னு சொல்ல வந்தேன்.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேளுங்க. ஒருநாள் சாயங்காலம் கிளினிக்குலேருந்து வந்தாரு. செருப்பக்கூட கழட்டல, அப்படியே நாற்காலியில சாஞ்சுட்டாரு. "நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே பாத்துக்கிட்டிருக்கேன். கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் ஒண்ணுமே இல்லாத எடமா ஒண்ண பாக்கணும் போல இருக்கு"ன்னாரு. எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு. சரி, ஏதோ களைப்புல பேசுறாருன்னு விட்டுட்டேன். பாத்தா, கொஞ்ச நாள்ல இந்தப் பழைய ஜீப் வந்து வாசல்ல நிக்குது! "பின்சீட்ட எடுத்துட்டு ஒரு மெத்தைய போடுவோம். ஒரு ஸ்டவ். ஒரு கேன் தண்ணி. கெளம்பிடலாம்"னாரு.

கெளம்பிடலாமாம்! நான் விடுதியில சமையல் மேற்பார்வை பாக்கிறவ தம்பி. முந்நூறு பொண்ணுங்க, மூணு வேளை. எங்கிட்ட வந்து ஒரு கேன் தண்ணின்னா அது எப்படிக் காதுல ஏறும்? அந்த ஒரு கேன வெச்சுக்கிட்டு மூஞ்சி கழுவுறதா, டீ போடுறதா?

அப்பவும் நான் என்ன பெருசா கேட்டுட்டேன்? ரெண்டு மடக்கு நாற்காலி. தரையில உக்காந்தா என்னைத் தூக்கி நிறுத்த ஆள் வேணும், அதுக்காகக் கேட்டேன். நாற்காலி வந்தா மேஜை வேணுமா வேணாமா? நீங்களே சொல்லுங்க. டீ டம்ளர மடியிலயா வெச்சுக்கிறது? மேஜை போட்டா தலைக்கு மேல ஒரு நெழல் வேணும். அதான் உங்கள இடிச்ச பந்தல். இதெல்லாம் ஆடம்பரமா?

அங்கதான் நடுவுல வந்து சேந்தா என் நாத்தனார். இவரோட தங்கச்சி. அவளும் அவ புருஷனும் ஒரு சின்னக் கார்ல ஊர் ஊராப் போவாங்க. சீட்ட மடக்கிட்டு கால ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு தூங்குவாங்களாம். அவ வந்து இந்த நாற்காலியெல்லாம் பாத்துட்டு, "அண்ணி, இதெல்லாம் உங்களுக்கு ஒத்துவராது. மூட்டை கட்டுறதுலயே உங்க லீவு முடிஞ்சிடும்"னு சொல்லி சிரிச்சா பாருங்க... சிரிப்புன்னா அப்படியொரு சிரிப்பு. மேஜையில இருந்த டீ கூட ஆடிப்போச்சு. எனக்கு எங்கேருந்துதான் ரோஷம் வந்துச்சோ. இருடி, உன் கார்ல கால் நீட்டவே எடமில்ல, நான் காட்டுல பிரிட்ஜ் வெச்சு உனக்கு ஜில்லுனு ஜூஸ் குடுக்கிறேன் பாருன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன்.

பிரிட்ஜ் வந்துச்சு. பிரிட்ஜுக்கு கரண்டு வேணும்ல? தனியா ஒரு பேட்டரி. அந்த பேட்டரி காலியானா? சோலார் தகடு. தகட்ட எங்க வைக்கிறது? மேல கேரியர். கேரியர் போட ஓட்டை போடணும். இவருக்கு ஓட்டை போடுறதுதானே தொழில்! டிரில்ல கையில எடுத்துக்கிட்டு ஏணியில ஏறி, வண்டிக் கூரையத் தடவிக் குடுத்து, "பயப்படாதீங்க, கொஞ்சம் கூசும், அவ்வளவுதான்"னாரு. என்னையப் பாத்து இல்ல தம்பி, வண்டியப் பாத்து! பழக்க தோஷம். நான் கீழ நின்னு சிரிச்சு சிரிச்சு வயித்த வலிச்சுது. அன்னைக்கு ரெண்டு பேரும் நல்லா சிரிச்சோம்.

அப்புறம் பாத்தா, பின்னாடி டிராயரும் பிரிட்ஜும் வந்ததுல மெத்தை போட எடமில்ல. அத நான் என்ன பண்ண முடியும்? அடுப்பு முக்கியமா, மெத்தை முக்கியமா? அதான் கேரியர் இருக்கே, மேல டென்ட் போட்டா மேலயே படுத்துக்கலாம்னேன். "சரி"ன்னாரு. மேல படுக்கணும்னா ஏணி. என் முட்டிக்கு ஏணி ஆகாது, கைப்பிடி வெச்ச ஏணியா வேணும்னேன். அதுக்கும் "சரி"ன்னாரு. குளிக்க மறைப்புத் துணி, அதுக்குத் தனியா ஒரு டாங்கு... சரி, சரி, சரி. எல்லாத்துக்கும் சரி.

இவ்வளவும் ஏறுனதும் வண்டியோட பின்பக்கம் தரையத் தொடுது. மாட்டுக்குப் பின்னங்கால் மடங்குன மாதிரி. வெல்டிங் கடைக்காரர்கிட்ட கொண்டுபோனோம். அவரு சுத்திச் சுத்தி வந்து பாத்தாரு. "டாக்டர், வீடு காலி பண்றீங்களா?"ன்னு கேட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம்! இவரு சிரிச்சாரு. ஸ்பிரிங் பட்டைய கனமா மாத்துனாங்க. மாத்துனதும் வண்டி ஒரேயடியா மேல எழும்பிடுச்சு. இப்ப டிராயர் எனக்கு எட்டல. அதுக்கு ஒரு ஸ்டூல். அதோ பாருங்க, நீல கலர். உக்காருங்களேன். பரவால்லியா? சரி, நில்லுங்க.

போனோமாவா? போனோமே! அதத்தானே சொல்ல வர்றேன்.

ஒரு ஆறு இருக்கு. காட்டத் தாண்டி, தூரத்துல. கரையெல்லாம் மணல். அந்தப் பக்கம் வெறும் புல்லும் வானமும்தானாம். இவரு எப்பவோ படத்துல பாத்து வெச்சிருந்தாரு. பொழுது சாயுற நேரத்துல அங்க போய் நின்னுடணும்னு ஆசை. வழி பூரா சின்னப் பையன் மாதிரி வந்தாரு. பாட்டு வேற. கண்றாவியா இருந்துச்சு, ஆனாலும் நான் நிறுத்தச் சொல்லல. கடைசி வளைவு திரும்புனோம், மரமெல்லாம் முடிஞ்சு வெளிச்சம் வந்துச்சு, "அதோ, அதோ"ன்னாரு... வண்டி 'புஸ்'னு உக்காந்துடுச்சு.

மணல் தம்பி. மணல்ல நாலு சக்கரமும் எறங்கிடுச்சு. ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க இன்னும் கீழ போகுது. முன்னாடி பம்பர்ல கயிறு சுத்தியிருக்கே, அந்த மெஷினு, அது வண்டிய இழுத்துடும்னாரு. இழுக்கும், எதுலயாவது கட்டுனா! கயிறு எட்டுற தூரத்துல ஒரு செடி கூட இல்ல. ஒண்ணுமே இல்லாத எடம்னு கேட்டாருல்ல, அப்படியே கெடச்சிடுச்சு. சரி, மண்வெட்டி எங்கன்னாரு. மண்வெட்டி டிராயருக்கு அடியில. டிராயருக்கு மேல பிரிட்ஜு. பிரிட்ஜுக்கு முன்னாடி நாற்காலி, மேஜை, டாங்கு. ஒண்ணொண்ணா எடுத்து மணல்ல அடுக்குறோம். அந்த வழியா ஆடு ஓட்டிக்கிட்டு ஒருத்தர் வந்தாரு. நின்னு பாத்துட்டு, "கடை போடுறீங்களாம்மா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு!

மண்வெட்டி கெடச்சுது. இவரு குனிஞ்சு தோண்டுறாரு. நான் பக்கத்துல நின்னு ஜூஸ் வேணுமான்னு கேக்கறேன். ஜில்லுனு இருந்துச்சு தம்பி, அத சொல்லியே ஆகணும். அப்பதான் திரும்பிப் பாக்கறேன். ஆத்துக்கு மேல அப்படியே செவப்பா... தண்ணி பூரா செவப்பு, கொக்கெல்லாம் வரிசையாப் போகுது. இவரு அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு சக்கரத்துக்கு அடியில தலைய விட்டுக்கிட்டிருக்காரு. "ஏங்க, பாருங்களேன்"னேன். "இதோ, இந்த ஒரு சக்கரம் மட்டும்"னாரு. அவரு நிமுந்தப்போ இருட்டு.

கோவிச்சுக்கிட்டிருந்தாருன்னா பரவால்ல. ஒரு வார்த்தை கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சரியாப் போயிருக்கும். "நீ மேல ஏறிப் படு, முட்டி பாத்து"ன்னாரு. அவ்வளவுதான்.

காலையில ஒருத்தர் டிராக்டர் கொண்டாந்து இழுத்துவிட்டாரு. கெளம்புறப்போ அவரு, "எதுக்குங்க ரெண்டு பேருக்கு இவ்வளவு சாமான்?"ன்னு கேட்டாரு. நான் அந்தப் பக்கம் பாத்திரத்த அடுக்கிக்கிட்டிருந்தேன், எனக்குக் கேக்காதுன்னு நெனச்சு இவரு சொல்றாரு: "எனக்கு ஒரு மெத்தை போதும்னுதாங்க நெனச்சேன். அவளுக்குக் கஷ்டமா இருக்கக்கூடாதேன்னு..." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

எனக்குக் கையில இருந்த தட்டு அப்படியே நின்னுடுச்சு.

என்ன தம்பி, வாட்ச பாக்கறீங்க? வந்துடுவாரு, வந்துடுவாரு.

வீட்டுக்கு வந்தோம், மறுநாளே விளம்பரம். "நமக்கு இது சரிப்படாது, குடுத்துடலாம்"னாரு. ஆனா பாருங்க, விக்கப்போற வண்டிதானே, தினமும் காலையில டீயத் தூக்கிக்கிட்டு வந்து முன்சீட்ல உக்காந்துக்கறாரு. ஸ்டியரிங் மேல ஒரு கைய வெச்சுக்கிட்டு. வாசல் சுவத்தப் பாத்துக்கிட்டு. நான் சமையல்கட்டு ஜன்னல் வழியா பாப்பேன். முந்நூறு பேருக்கு என்ன வேணும்னு கேக்காமலே தெரியும் எனக்கு. வீட்ல இருக்கிற ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்னு... அவரு வாய் விட்டு சொல்லியும்...

சரி விடுங்க. உள்ளத சொல்லிடறேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. வண்டி விக்கிறதுக்கு இல்ல. விளம்பரம் அவரு போட்டது, எங்கிட்ட கேட்டுப் போடல. அதான் உங்களுக்கு ஒரு மணி நேரமா இதோட கொறையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்களா வேணாம்னு போயிடுவீங்கன்னு. நீங்க என்னடான்னா தலைய ஆட்டி ஆட்டி கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க! நல்ல பொறுமை உங்களுக்கு. கல்யாணம் ஆயிடுச்சா?

வெறுங்கையோட போக வேணாம். சாமான எடுத்துக்கோங்க. பிரிட்ஜு, தொட்டி, பந்தல், எல்லாம். உங்களுக்கு இல்லாட்டியும் உங்க வீட்டம்மா கேப்பாங்க, பாருங்க. இந்த டென்ட்டும் உங்களுக்குத்தான். அவரு வர்றதுக்குள்ள கழட்டிடணும். இருங்க, நானே ஏறுறேன்... கைப்பிடி வெச்ச ஏணி எதுக்கு இருக்கு... அம்மாடி... ஏறிட்டேன். நாலு நட்டுதான். அந்த டப்பாவுல பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் இருக்கும், எடுத்துக் குடுங்க தம்பி. ம்... ரெண்டு நட்டு துருப்பிடிச்சுப் போயிருக்கு. இத எடுத்துட்டா மேல பளு கொறையும். டிராயரையும் எடுத்துட்டா பின்னாடி மெத்தை தாராளமா விரிக்கலாம். அடுத்த லீவுக்கு அதே ஆத்துக்குப் போகச் சொல்லப்போறேன். மணலுக்கு இந்தப் பக்கமே நிறுத்திட்டு நடந்து போவோம். முட்டி வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. நாத்தனார் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா. ஆனா ரெண்டு நாற்காலி மட்டும் வேணும், அத நான் விட்டுக்குடுக்க மாட்டேன்... தம்பி, ஸ்பேனர் கெடைக்கலியா? செவப்பு டப்பா... ஆங், குடுங்க.

என்னது, ஸ்பேனர நீட்டுற கையில கிளினிக் க்ளவுஸு...

ஏங்க! நீங்க எப்ப வந்தீங்க? அந்தத் தம்பி எங்க?... போயாச்சா! எப்போ?... நான் ஏணியில ஏறுனப்பவா? என்னன்னு சொல்லி அனுப்புனீங்க?... நீங்களேவா? விக்கலன்னு நீங்களே சொல்லிட்டீங்களா?

அப்ப நான் இவ்வளவு நேரம் யார்கிட்ட...

எதுலேருந்து கேட்டீங்க? நாத்தனார்லேருந்தா, நாற்காலியிலேருந்தா? சிரிக்காதீங்க. சிரிக்காதீங்கங்கிறேன்ல. அந்தப் பக்கமா போய் நின்னு டென்ட்ட ரெண்டு கையாலயும் தாங்கிப் புடிங்க, நான் கடைசி நட்ட எடுக்கப்போறேன். கனமா இருக்கும், பாத்து... புடிச்சுக்கிட்டீங்களா?