அம்சவல்லி மாட்டிய டிஸ்க்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று யார் கூப்பிட்டாலும், முதலில் பிளக்கைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பத்துக்கு நாலு பேர் அதற்குப் பிறகு என்னைத் தேடுவதில்லை. வலங்கைமான் கடைத்தெருவில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். வாத்தியார், டாக்டர், வக்கீல் எல்லாரும் என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். தெரியாது என்று ஒப்புக்கொள்பவர்களிடம் இந்த ரெத்தினத்துக்கு எந்தத் தகராறும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

அம்சவல்லி அப்படி ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை. காலனியில் முதல் பட்டதாரி. அவள் அப்பா இளையபெருமாள் ஒரு காலத்தில் பண்ணையில் கூலி, பிறகு அதே பண்ணை நிலத்தில் குத்தகை சாகுபடி. அந்த மாதிரி இருபத்து மூன்று குடும்பங்கள். எந்தக் கழகம் வந்தாலும் உழுகிறவனுக்கு உரிமை என்று மேடையில் பேசுவார்கள். இவர்கள் அதை நம்பி, குத்தகைதாரராகப் பதிவு செய்யச் சொல்லித் தாசில்தாரிடம் மனுப் போட்டிருந்தார்கள். ஆதாரம், வருஷா வருஷம் நெல் அளந்ததற்குப் பண்ணையில் கொடுத்த சீட்டுகள். கார்த்திகை வெள்ளம் கூரை வீடுகளுக்குள் புகுந்ததில் சீட்டெல்லாம் கூழாகிவிட்டது. ஆனால் அந்தப் பெண் அதற்கு முன்பே அத்தனையையும் ஸ்கேன் செய்து காலனி விவசாயிகள் சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். பிரிண்ட் எடுத்துத் திங்கட்கிழமை விசாரணைக்குக் கொண்டுவரச் சொன்னார் தாசில்தார்.

இன்னொரு பிரதி இருக்கட்டும் என்று கும்பகோணத்தில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கி, பெட்டியைத் தானே திறந்து மாட்டியிருக்கிறாள். அதோடு கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை காலை காலனிக்குப் போனேன்.

"நீயா திறந்த?"

"ஆமாண்ணே. புக்ல பாத்துதான் மாட்டுனேன்."

கழற்றிய திருகுகளை ஒரு தாளில் வரிசையாக வைத்து, எது எங்கே என்று பேனாவால் எழுதியிருந்தாள். நான்கூட அப்படிச் செய்ததில்லை. இளையபெருமாள் காபி கொண்டுவந்து, "குடிங்க தம்பி" என்றார். வயிறு சரியில்லை என்றேன். நான் சாதி பார்க்கிறவன் இல்லை. எனக்கு அடிக்கடி வயிறு சரியில்லாமல் போகும்.

கோளாறு இரண்டு நிமிஷத்தில் தெரிந்தது. ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால் ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் என்று குறிக்க வேண்டும். டிஸ்கின் பின்னால் அரிசி அளவில் ஜம்பர் என்று ஒரு துண்டு இருக்கும். அதை இடம் மாற்றிச் செருகினால் முடிந்தது. இவளுடைய இரண்டும் மாஸ்டராக இருந்தன. எஜமான், அடிமை என்றுதான் அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம். நான் வைத்த பெயர் இல்லை. அப்படி வைத்தால்தான் மெஷின் ஓடுகிறது.

"சீட்டெல்லாம் இருக்குற டிஸ்க் போயிடுச்சு போலிருக்கு. கடையில வச்சுதான் பாக்கணும்" என்று கழற்றி எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். இரண்டு நாள் பயந்துகொண்டு இருக்கட்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தாள். இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் வக்கீல்.

"அண்ணே, ரெண்டும் மாஸ்டர்ல இருந்திருக்கும்னு தோணுது. ஜம்பரை மாத்திப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. டிஸ்க்தான் கெட்டுப்போச்சு."

"இல்லண்ணே, அது சுத்துற சத்தம் கேட்டுச்சே. குடுங்க, நானே மாத்திப் பாத்துக்குறேன்."

வக்கீல் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை. மூக்கால் ஒரு சிரிப்பு.

நாலு மணிக்கு வரச் சொன்னேன். மூன்றரைக்குள் டிஸ்க் முழுவதையும் அழித்து ஃபார்மட் செய்துவிட்டேன். ஜம்பரையும் சரியாக மாற்றித்தான் கொடுத்தேன். வேலையில் குறை வைக்கிற பழக்கம் எனக்கில்லை. அவள் சொன்னபடியே டிஸ்க் சுற்றியது. உள்ளே ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை மனு தள்ளுபடியானது. அந்த வாரமே பண்ணை டிராக்டர்கள் வயலில் இறங்கின. கதிரில் பால் பிடித்த சமயம். இளையபெருமாள் பயிருக்குள் போய்ப் படுத்துக்கொண்டாராம். டிராக்டர் மேலே ஏறிவிட்டது. ஆள் கிடந்தது தெரியவில்லை என்று டிரைவர் சொல்கிறான். இடுப்பளவு பயிர், தெரியாமலும் இருந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாத விஷயம்.

ஃபார்மட் செய்த தேதியும் நேரமும் டிஸ்கிலேயே பதிந்திருக்கும். அதைச் சென்னை வரை எடுத்துப்போய் நிபுணரிடம் எழுதி வாங்கி வந்தவளும் அவள்தானாம். அதனால்தானே என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்திருக்கிறீர்கள்.

பண்ணைக்காரர் தூண்டுதலின் பேரில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள் சார். அவர் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை. மவுஸை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாத மனிதர் சொல்லி நான் செய்வேனா? அழித்தது நான். சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அழித்தேன். எல்லாவற்றிலும் பண்ணைக் காரியஸ்தர் கையெழுத்து தெளிவாக இருந்தது. மனு ஜெயித்திருக்கும்.

கோபத்தில் செய்தேன் என்றும் எழுத வேண்டாம். அந்தப் பெண்ணைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்த்தது கிடையாது.