கனவில் தின்ற தயிர்

குருக்கள்மடத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்க, வெறும் வயிற்றோடு மட்டக்களப்பு கிளினிக்குக்குப் போகிறார்கள். கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. வாவி எது, பனி எது என்று தெரியவில்லை. யன்னலோரம் இருந்தவள் அப்போதுதான் கேட்டாள்.

“மச்சாள், கனவில திண்டது ரத்தத்தில காட்டுமா?”

“என்னகா திண்ட?”

“எருமைத் தயிர். தேன் மாதிரி இனிப்புப் பாணியும் ஊத்தி. அவர்தான் சட்டியோட கொண்டுவந்தார்.”

“செத்தும் உன்ட மனுசன் தயிரை விடல்லியா?”

“விடுவாரா? கிளினிக் வருதெண்டா முதல் நாளே சோத்தை விட்டுப்போடுவார். ரத்தம் குடுத்திட்டு வந்து சட்டியோட குந்துவார். சோதனையில சீனி எப்பவும் நல்லாத்தான் இருக்கும். டொக்டரும் அவரை மெச்சுவார்.”

“காலில புண் வரும் மட்டும்.”

“ஓம். காலை எடுக்கும் மட்டும்.”

பாலத்துக்குக் கீழே ஒரு தோணி பனிக்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“விடிஞ்சா கிளினிக், எனக்கு வேணாமெண்டு சொல்லியிருக்கலாமேகா.”

“சொல்லத்தான் வாயெடுத்தன். சட்டியை ஏந்திக்கொண்டு, வீட்டு வளவுக்குள்ளால ரெண்டு காலாலையும் நடந்து வாறார், மச்சாள். என்னெண்டு வேணாமெண்டு சொல்ற?”