முகம் பாத்துப் பேசுறவ

...ஐயோ, ஓடாதீங்க! தண்ணிக்குள்ள ஓடினா முட்டி கோவிச்சுக்கும். குதிகாலை முதல்ல வைங்க, அப்புறம் விரலு. அம்புட்டுதான் வித்தை. புதுசா வந்திருக்காங்க, கூட நடங்கன்னு பயிற்சி சொல்லித்தர்ற அந்த பிசியோ பொண்ணு உங்களை என் தலையில கட்டிட்டா. கட்டட்டும், எனக்கும் பேச ஆள் வேணுமில்ல? இருங்க, உங்க பக்கம் திரும்பிக்கிறேன். எனக்கு முகத்தைப் பாத்தாத்தான் பேச்சே வரும். ம்... நீங்க பாட்டுக்கு நடங்க, நிக்காதீங்க.

அவளைத்தாங்க சொல்லணும். எம் மக வயசுகூட இருக்காது, என்னா அதட்டல்! இன்னிக்கு நான் இந்தக் குளத்துல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் பின்பக்கமாவே நடந்து காட்டணுமாம். அப்பத்தான் இடுப்புக்குப் பலமாம். இல்லேன்னா நாளையிலேர்ந்து தண்ணி கிடையாது, மேல நாற்காலியில உக்காந்து காலை ஆட்டணுமாம். பின்பக்கமா நடக்க எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு?

சிரிக்காதீங்க. மேல கண்ணாடிக்குப் பின்னால பாருங்க... பச்சைச் சட்டை. எங்க நாத்தனார்தான். நாற்காலியில உக்காந்து காலை இப்படி ஒரு ஆட்டு, அப்படி ஒரு ஆட்டு, நடுவுல என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை. பக்கத்து நாற்காலி மேல என்ன இருக்கு, தெரியுதா? துண்டு! எனக்கு இடம் போட்டு வெச்சிருக்காங்களாம்! நான் எப்படியும் தோத்துட்டு மேல வந்து சேருவேன்னு என்னா ஒரு நம்பிக்கை!

எனக்குத் தண்ணிதாங்க வேணும். கரையில நான் ஒரு மூட்டை. ஒவ்வொரு படியிலயும் இறக்கி வெச்சு, மறுபடி தூக்கிக்கிட்டுப் போற மூட்டை. இங்க இறங்கினா யாரோ நல்ல மனுஷங்க, "கொடும்மா, கொஞ்ச நேரம் நான் வெச்சிருக்கேன்"னு அதைக் கையில வாங்கிக்கிட்ட மாதிரி இருக்கு. முட்டியா? அப்படி ஒண்ணு இருக்கான்னு தடவிப் பாக்கணும். இதை விட்டுட்டு மேல போய்...

யாருங்க அது இடிக்கிறது! பாத்தீங்களா, அந்த மீசைக்காரரை? முப்பது வருஷம் பஸ் ஓட்டினவராம். நெஞ்சளவு தண்ணியில ஒரு பொம்பளை வர்றது கண்ணுக்குத் தெரியல. என்ன சொல்றாரு? "நீங்கதாம்மா வந்து இடிச்சீங்க"ங்கறாரா? நல்லா இருக்கே நியாயம்! அட, நீங்க ஏன் அவரைப் பாத்துத் தலையாட்டுறீங்க?

பின்பக்கமா நடக்க என்ன பயம்னு கேக்குறீங்களா? எல்லாம் எங்க வீட்டு ஸ்டூலால வந்த வினை. அதை வாங்கிட்டு வந்த எங்க வீட்டுக்காரரால. மூணு மாசம் படுக்கையில கிடந்தேங்க, இடுப்புப் பட்டையைக் கட்டிக்கிட்டு. ஸ்டூல் ஆடிச்சான்னா... இல்ல, ஆடல. கால் உடைஞ்சுதான்னா... அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, இன்னிக்கும். வேறொண்ணுமில்லீங்க. ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டினேன். நல்ல நீலம். எப்படி இருக்குன்னு அழகு பாக்க, ஒரு அடி பின்னால வெச்சேன்.

ஸ்டூல் மேல நிக்கிறது மறந்து போச்சு.

சிரிங்க, சிரிங்க! நானே சிரிப்பேன். அன்னிலேர்ந்துதான், பின்னால ஒரு அடின்னா ஆகவே ஆகாது. பீரோவைத் திறந்தாக்கூட ஓரமாத்தான் நகருவேன். செத்தாலும் பின்பக்கமா ஒரு அடி...

ஐயோ! முதுகுல என்னமோ சில்லுன்னு! யாரது? ...சுவரா? ஏங்க, சுவரு எப்படிங்க எனக்குப் பின்னால வந்துச்சு? நாம கிளம்பின ஏணி எங்க? அங்கயா? அவ்வளவு தூரத்துலயா?

நானா நடந்தேன்? இப்படியேவா? உங்க முகத்தைப் பாத்துக்கிட்டேவா?

பிசியோ பொண்ணு கைதட்டுறா பாருங்க! அடி கள்ளி, தெரிஞ்சேதான் இவங்களை என்கூட விட்டியா? அண்ணி! அண்ணீ...! கண்ணாடிக்குள்ள கேக்காது. கையைக் காட்டுறேன். அந்தத் துண்டை எடுங்க! எடுங்கண்ணி, தலை துவட்டிக்கோங்க! ஆ... எடுத்துட்டாங்க! எடுத்து மடிக்கிறாங்க! அதுலயும் ஒரு கோவத்தைப் பாரேன்!

வாங்க, திரும்பவும் அந்தக் கோடிக்குப் போயிடுவோம். நீங்க முன்னால நில்லுங்க, நான் அந்தத் திரைக்கு எப்படித் துணி எடுத்தேன்னு முதல்லேர்ந்து... ஏங்க? எங்க கிளம்பிட்டீங்க? ஏணியில ஏறுறீங்களா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே நான்!

போகட்டும். மீசைக்காரரே! உங்களைத்தான், பஸ்காரரே. இப்படி வாங்க. கொஞ்சம் முகத்தைக் காட்டுங்க.