கறுப்பு டேப்பு ஒட்டின பிளேட்டு

— இதுவும் இல்ல அண்ணாச்சி. நான் தேடுற பாட்டு வேற.

— நல்லாக் கேட்டுப் பாருங்க தம்பி. எங்கிட்ட இருக்க இங்கிலீஷ் பாட்டுப் பிளேட்டு மொத்தமே அஞ்சுதான். அஞ்சாவதையும் போட்டாச்சு. கதை என்னன்னா, இவனுவ எல்லாருமே எனக்கு ஒண்ணுபோலத்தான் கேக்கானுவ.

— ஒண்ணுபோலயா? செத்த முன்னால ஒண்ணு போட்டியளே, தகரக் கொட்டகையில ஆடு மாட்டிக்கிட்டுக் கத்துத மாதிரி! எதுத்த வீட்டுப் பாலம்மாள் என்ன ஏதுன்னு எட்டிப் பாத்துட்டுப் போறா.

— தங்கபாய், நீ போயி தம்பிக்குக் காப்பி கொண்டா.

— கொண்டாந்து வச்சு ஆறியும் போச்சு. பிளேட்டைக் கண்டா பொண்டாட்டி கண்ணுக்குத் தெரிய மாட்டா. ஏம்பா, பேரு என்னன்னு சொன்ன?

— இருளப்பசாமிக்கா. ராஜபாளையத்துல மில்லுல பிட்டரு. சொந்த ஊரு சோழபுரம்.

— பிட்டருக்கு எதுக்குப்பா இந்தக் கருமம்? ஊரு பூராம் கேசட்டுக்கு மாறியாச்சு. இவியளே இந்த ஆடிப்பூரத்துக்குக் கேசட்டுதான் போட்டாவ. எடைக்குப் போடுங்க, எடைக்குப் போடுங்கன்னு நாலு வருசமா கத்துதேன்.

— எடைக்குப் போட்டுராதீங்கக்கா! எங்கிட்ட இருநூத்திப் பதினாலு இருக்கு. ஒண்ணைக்கூட நான் குடுக்க மாட்டேன்.

— எம்புட்டு?

— இருநூத்திப் பதினாலு. அப்ரண்டிசா இருந்தப்ப, மூர் மார்க்கெட்டு எரியுறதுக்கு முன்னால, மெட்ராஸ்ல அள்ளுனது கொஞ்சம். தூத்துக்குடி ஹார்பர்ல கப்பக்காரங்ககிட்ட வாங்குனது கொஞ்சம். மதுரையில பழைய பேப்பர் கடையில கெடந்தது கொஞ்சம். முக்காவாசி இந்தக் கத்துற ரகந்தான்.

— அதென்ன ரகம் தம்பி? முப்பது வருசமா மைக் செட்டு வச்சிருக்கேன், எனக்கே தெரியல. சொல்லுங்க, கேப்போம்.

— பங்க்குனு பேரு அண்ணாச்சி. லண்டன் பக்கம் வேலை வெட்டி கெடைக்காத பயலுக, மில்லுல ஆளைக் குறைச்சு வெளிய தள்ளுன பயலுக, நாலு பேரு சேந்து பாடுனது. பெரிய கம்பெனிக்காரன் திரும்பிப் பாக்க மாட்டான். இவனுகளே ஐநூறு பிளேட்டு, ஆயிரம் பிளேட்டுன்னு அடிச்சு, உறையைக்கூட வீட்டுல உக்காந்து கத்தரிச்சு ஒட்டுவானுக. முடியைச் சேவக் கொண்டை மாதிரி நட்டமா நிப்பாட்டிருவானுக.

— வாசிக்கத் தெரியுமா அவனுவளுக்கு?

— பாதிப் பேருக்குத் தெரியாது. கிடாருல மூணு பிடி தெரிஞ்சாப் போதும், மேடை ஏறிருவானுக.

— நம்ம ஊருல அப்படி ஏறுனா செருப்பு வந்து விழும்.

— அங்கயும் விழும் அண்ணாச்சி. அதைக் கையில எடுத்துக்கிட்டே பாடுவானுக.

— நல்லாருக்கு கதை. ஏம்பா, ஒனக்குக் கல்யாணம் காட்சி ஆயிருச்சா இல்லையா?

— ஆயிருச்சுக்கா. போன வருசம் ஆவணியில. பேரு செல்லக்கனி. இப்ப ஏழு மாசம்.

— அவ ஒண்ணும் சொல்லதில்லையா?

— சொல்லாம? கல்யாணத்தன்னைக்கே ஆரம்பிச்சுட்டா. பொண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள்ள நுழையுற நேரத்துல என் பிளேட்டு ஒண்ணைத்தான் மைக் செட்டுல போட்டேன். எங்க மாமனாரு, யாரோ வம்புக்கு வந்துட்டானுகன்னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தெருவுக்கு ஓடிட்டாரு.

— யாத்தீ! பொறவு?

— பொறவு என்ன, அவரைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து ஒக்கார வச்சோம். ஆரத்தி எடுத்த பெரியம்மாவும் பயந்து பாதியில நின்னுருச்சு. ஆரத்தி எடுக்க எங்கம்மா இல்லையேன்னு அன்னைக்குத்தான் எனக்கு ரொம்ப உறைச்சுது.

— ஆத்தா இல்லையா தம்பி?

— எம்பத்தொண்ணுல போயிருச்சுக்கா. எனக்கு அப்பப் பதினாலு வயசு. அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல ஸ்பீக்கர் குழாய் கட்டி ஒரு பாட்டு போட்டாங்க. அந்த ஒரு பாட்டைத் தேடித்தான் இருநூத்திப் பதினாலு பிளேட்டும் வாங்குனேன். தேடப் போயி மத்ததும் பிடிச்சுப் போச்சு, அது வேற கதை.

— சாவு வீட்டுல இங்கிலீஷ் பாட்டா?

— நம்ப மாட்டீங்க அண்ணாச்சி, யாரும் நம்ப மாட்டாங்க. கனவு கண்டிருப்பேங்கிறாங்க. அது ஸ்ரீவில்லிபுத்தூர் செட்டுன்னு போன வாரந்தான் ஒருத்தரு சொன்னாரு. இன்னைக்கு விட்டா எனக்கு வேற நாளு கெடையாது. வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அதுக்குள்ள கெடைக்கலைன்னா தேடுறதையே விட்டுறேன்னு செல்லக்கனி வயித்துல கை வச்சு சத்தியம் பண்ணிட்டேன். நீங்கதான் கடைசி.

— பாட்டு எப்படி இருக்கும்? செத்த பாடிக் காட்டுங்க.

— வார்த்தை தெரியாது. கெணத்துக்குள்ள விழுந்தவன் அழுற மாதிரி, கட்டைக் குரல். ஓ... ஓ... ஊம்... ஓ... அப்புறம் டம்... டம்...னு மெதுவா ஒரு அடி. பாடை தூக்குறவங்க நடை மாதிரி. மறுபடியும் ஓ... ஓ...

— ஏசப்பா! இந்தாருங்க, அவனை நிறுத்தச் சொல்லுங்க! வெளக்கு வைக்கிற நேரத்துல அந்தப் பாட்டையா பாடுதான்!

— சும்மா இரு தங்கபாய்.

— அண்ணாச்சி... ஒங்களுக்குத் தெரியுமா அது?

— தெரியுமாவா? அதை ஊருக்குள்ள எறக்கிவிட்டவனே நாந்தான் தம்பி.

— அஞ்சு பிளேட்டுதான்னு சொன்னீங்க?

— வெளிய காட்டுதது அஞ்சு. கதை என்னன்னா, ஒரு மில்லு கெஸ்ட் அவுசுல மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனான்னு ஒரு வாட்ச்மேன் ஆறு பிளேட்டு கொண்டாந்து தந்தான். எம்பதுல. சும்மாதான் கெடந்துச்சு. வ. புதுப்பட்டியில ஒரு பெரியவரு சாவு. ஒப்பாரிப் பிளேட்டு கீறிப்போயி 'ராசா ராசா ராசா'ன்னே நிக்கி. சனம் பூராவும் என்னையப் பாக்கு. கைக்குச் சிக்குனதைத் தூக்கி வச்சேன். அவன் அழுதான் பாருங்க ஒரு அழுகை! வெள்ளைக்காரனே இந்த அழுகை அழுதா நமக்கு அழ என்னன்னு பொம்பளையள் அம்புட்டுப் பேரும் மாரடிச்சு அழுதாவ.

— அப்புறம்?

— அப்புறம் எங்க சாவுன்னாலும், 'ராஜரத்தினத்தைக் கூப்பிடு, வெள்ளைக்காரன் அழுத பிளேட்டைக் கொண்டாரச் சொல்லு'ன்னு ஆளு வந்துரும். சோழபுரத்துக்கும் போயிருக்கேன். செண்பகத்தோப்புல ஒரு பாரஸ்ட்டு கார்டுக்கும் போட்டிருக்கேன். ஒரு தடவை எங்கூட வேலை பாத்த தங்கச்சாமிப் பய, கை மாறி, வயசுக்கு வந்த பொண்ணுக்குச் சடங்கு நடக்க வீட்டுல தூக்கிப் போட்டுட்டான். அடி விழாத குறைதான். அன்னைக்கு ரெண்டு பக்கமும் லேபிளு தெரியாம கறுப்பு டேப்பை ஒட்டி, தனிப் பெட்டியில பூட்டி வச்சேன்.

— அதை நான் வீட்டு வாசப்படி தாண்டி உள்ள விட்டதில்ல. இந்தக் கொட்டகையில, குழாய்க்கு அடியில தகரப் பெட்டிக்குள்ள கெடக்கு.

— ஒரே ஒரு தடவை போடுங்க அண்ணாச்சி.

— அது முடியாது தம்பி. சாவு வீட்டுப் பிளேட்டை நல்லா இருக்க வீட்டுல போடக்கூடாது. எந்த மைக் செட்டுக்காரன்கிட்ட வேணா கேளுங்க.

— அக்கா, நீங்களாவது சொல்லுங்க. எங்கம்மா போட்டோ ஒண்ணுகூடக் கெடையாது. மொகம் மறந்துக்கிட்டே வருது. அந்தப் பாட்டை நெனச்சாத்தான் செத்த நேரம் தெரியும். இப்ப பாட்டும் மறக்க ஆரம்பிச்சிருச்சு.

— போட்டுத் தொலைங்க. நான் வாசல்ல போயி நிக்கேன். கொட்டகைக் கதவைச் சாத்திக்கிடுங்க. கர்த்தரே, எங்களை மன்னியும்.

— அவளே சொல்லிட்டா. நகருங்க தம்பி. பெட்டியை இழுக்கணும்... இந்தா, தூசி. மொகத்தைத் திருப்பிக்கிடுங்க. ஊசி வைக்கேன்.

— இதான். அண்ணாச்சி, இதான்! இதேதான்!

— அழுங்க. இதுக்கு அழாதவன் எவன்?

— வெள்ளைத்தாய்னு பேரு எங்கம்மாவுக்கு. மில்லுலதான் வேலை. சிப்டு முடிஞ்சு வந்தா தலை பூரா பஞ்சா இருக்கும். நான்தான் ஒக்காந்து ஒண்ணொண்ணா எடுத்துவிடுவேன். அன்னைக்குப் படுக்க வச்சிருந்தாங்க, மூக்குல பஞ்சு இருந்துச்சு. நான் பாட்டுக்கு எடுத்துவிடப் போனேன். மாமா கையைப் பிடிச்சுட்டாரு. அப்பத்தான் அண்ணாச்சி இவன் பாட ஆரம்பிச்சான்.

— துண்டு இருக்கு, கண்ணைத் தொடைங்க.

— இந்தப் பாட்டுக்குப் பேரு என்ன அண்ணாச்சி?

— எனக்கு எங்க தம்பி இங்கிலீஷ் தெரியும்? டேப்பை உரிச்சு நீங்களே பாருங்க. மெதுவா, காகிதம் கிழிஞ்சிராம.

— வருது... மஞ்சக் காகிதம்... நடுவுல ஏதோ படம்.

— கத்திரிக்கோல் படம். டேப்பு ஒட்டுததுக்கு முன்னால கத்திரிக்கோல் பிளேட்டுன்னுதான் நாங்க சொல்லுவோம்.

— இல்ல. இருக்க முடியாது.

— என்ன இருக்க முடியாது?

— இந்தப் பிளேட்டு எங்கிட்ட இருக்கு. தூத்துக்குடியில வாங்குனது. ஆறு வருசமா வீட்டுல இருக்கு, நூறு தடவை கேட்டிருக்கேன். அது இப்படிப் பாடாது. அண்ணாச்சி, ஸ்பீடு எதுல வச்சீங்க?

— இதென்ன கேள்வி? பெரிய பிளேட்டுன்னா நிமிசத்துக்கு முப்பத்திமூணு சுத்து, சின்னப் பிளேட்டுன்னா நாப்பத்தஞ்சு. தொழிலுக்கு வந்த அன்னைக்கு எங்க சித்தப்பா சொல்லித் தந்தது. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

— இது பெரிய பிளேட்டுதான். ஆனா நாப்பத்தஞ்சுல ஓடணும். சத்தம் நல்லா வரணும்னு பெரிய பிளேட்டுல ஒரே ஒரு பாட்டை அடிப்பானுக. இங்க பாருங்க, கத்திரிக்கோலுக்குக் கீழ. நாலு, அஞ்சு.

— அட, ஆமா... நாலு, அஞ்சு. நான் படத்தைத்தான தம்பி பாத்தேன். நம்பரை எவன் பாத்தான்?

— லிவரைத் தள்ளிவிட்டு, மறுபடியும் ஊசியை வைங்க.

— வைக்கேன்... அடப் பாவி! என்னல இது!

— ஏங்க! என்ன சத்தம் அங்க? கொட்டகை எதுவும் சரிஞ்சிருச்சா?

— கதவைத் தொறந்து உள்ள வாங்கக்கா. பயப்படாதீங்க. அதே பாட்டுதான்.

— அதேயா? அவன் அழுதவன்லா? இவன் குதிக்கான்!

— வேகமா ஓடுது, அவ்வளவுதான். இதுதான் அவன் நெசக் குரல்.

— என்ன சொல்லிக் கத்துதான் தம்பி?

— மில்லுக்காரன் பாட்டு அண்ணாச்சி. சங்கு ஊதியாச்சு, சோலி முடிஞ்சிருச்சு, வழியை விடு, நான் வீட்டுக்குப் போறேன், வீட்டுக்குப் போறேன். திரும்பத் திரும்ப இதேதான்.

— போச்சு! பத்துப் பன்னெண்டு வருசம்! இந்தக் கூத்தையா நான் எழவு வீடு எழவு வீடா போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்? செத்தவிய ஆவியெல்லாம் என்னைய என்ன நெனச்சிருக்கும்?

— என்ன நெனைக்கும்? சோலி முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போறேன்னுதான சொல்லுதான். ஒங்க ஒப்பாரிப் பிளேட்டைவிட இவன் ஒழுங்காத்தான் சொல்லிருக்கான். ஏம்பா, தேடுனது கெடைச்சாச்சுல்லா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

— அக்கா... கல்யாணத்தன்னைக்கு வீட்டுக்குள்ள நுழையுறப்ப ஒரு பிளேட்டு போட்டேன்னு சொன்னேன்ல.

— ஆமா, ஒங்க மாமனாரு ஓடுனாரே.

— இதுதான்க்கா அது.

— ஏலே! அறிவிருக்கால ஒனக்கு! சாவுப் பிளேட்டையா பொண்ணு வாசப்படி மிதிக்கையில போட்ட? அதுவும் பெத்த ஆத்தா சாவுக்குப் போட்டதை!

— எனக்குத் தெரியாதே அண்ணாச்சி! வேகமாக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும்? இருநூத்திப் பதினாலுல எதுக்கு அதை எடுத்தேன்னே எனக்குத் தெரியல. கைக்கு அதுதான் வந்துச்சு.

— வெளிய மூச்சு விட்டுராத. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு இருக்க வீடு. போன ஒடனே அந்தப் பிளேட்டை ஒடைச்சுக் கெணத்துல போட்டுரு. செல்லக்கனிக்குத் தெரியவே கூடாது.

— வெள்ளிக்கிழமை வளைகாப்பை வச்சுக்கிட்டு... எங்கம்மா சாவுக்குப் போட்டதைப் போட்டு என் வீட்டுக்குள்ள நானே...

— ரெண்டு ஆம்பளையளும் செத்த வாயை மூடுதியளா? நீ இங்க பாரு தம்பி. அந்தப் பாட்டுல அவன் என்ன சொல்லுதான்னு இன்னொரு தடவை சொல்லு.

— வழியை விடு, நான் வீட்டுக்குப் போறேன்னு...

— ஆரத்தி எடுக்க ஆத்தா இல்லையேன்னு ஒரு வருசமா மருகிக்கிட்டுக் கெடக்கியே கிறுக்குப் பயலே, அன்னைக்குக் குழாய்ல அம்புட்டுச் சத்தம் போட்டு, எல்லாத்தையும் வழி விடச் சொல்லி, ஒங்க ரெண்டு பேருக்கும் முன்னால வாசப்படி ஏறுனது ஒங்க ஆத்தாதாம்ல.